ஹில்டாவின் முன் ஆக்சில்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இருபதாம் நாள், சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஹில்டாவை முதன்முதலாகச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பது மரியாதைக்காக எழுதும் சொல். தண்டையார்ப்பேட்டை டோல்கேட்டுக்குப் பின்னால் காஜா மொய்தீன் என்பவரின் பழைய வாகன உதிரிக் கிடங்கு இருக்கிறது. அதன் வாசலில் என் ஸ்கூட்டரை நிறுத்தியதும் உள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“யார்யா அது, எடை மேடை மேல வண்டிய வுட்டுக்கினு நிக்கிறது? உன்ன எடை போட்டு விக்கப் போறாங்களா?”

காலடியைப் பார்த்தேன். இரும்புப் பலகை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

என் வேலையைச் சொன்னேன். எண்ணூர்க் கரையில் ஒரு குப்பத்துப் படகுச் சங்கத்தில் அப்போதுதான் எழுத்துவேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடல் சீறும் என்று எச்சரிக்கை வரும் நாள்களில் படகுகளை நீர்விளிம்பிலிருந்து மேட்டுச் சாலை வரைக்கும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். அந்த இழுவை வேலையைச் சங்கம் ஆண்டுக்கு ஒரு வண்டியிடம் ஒப்படைக்கும். அவ்வாண்டு இருவர் கேட்டிருந்தனர். ஒருவர் டிராக்டர் வைத்திருந்த வெள்ளத்துரை. மற்றவர், ஜீப் வைத்திருப்பதாகச் சொன்ன ஹில்டா. “அந்தம்மாவாண்ட ஏது வண்டி? முன்சக்கரம் இல்லாத தகரம் ஒண்ணு கீது, அவ்ளோதான்” என்று வெள்ளத்துரை கூட்டத்தில் சொல்லியிருந்தார். நேரில் பார்த்து வரச் சங்கம் என்னை அனுப்பியது.

“சரியாத்தான் சொல்லிகீறான்” என்றார் ஹில்டா. “முன்சக்கரம் இல்ல. அதத்தான் வாங்க வந்துகீறேன். போய்ச் சொல்லு, வாத்தியாரே.”

நான் ஆசிரியர் அல்லன் என்றேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை. கடைசி வரை பொருட்படுத்தவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கணவர் அருள்பிரகாசம் ஒரு பழைய ஜீப்பை வாங்கி எண்ணூர்க் கரையில் படகு இழுத்துப் பிழைத்தார். கணவர் இறந்ததும் வண்டியை விற்கச் சொன்ன உறவினர்களை எல்லாம் ஒரே நாளில் பகைத்துக்கொண்டு ஹில்டா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அவரைப் பிடித்தவர் என்று குப்பத்தில் எவரையும் நான் கண்டதில்லை. வாய் கூசாமல் பேசுவார். தாமதமாக வந்தவர் படகைக் கடைசியில்தான் இழுப்பார், அது உடைந்தாலும் சரி. எனக்கும் அவரைப் பிடித்ததில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளத்துரை அவரிடம் கயிறு கட்டியவர். கயிறு கட்டுவது என்றால், வண்டியில் பிணைத்த கயிற்றின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்கி, மார்பளவு நீரில் ஆடும் படகின் மூக்கு வளையத்தில் கொக்கியை மாட்டுவது. இழுவை வேலையிலேயே கீழான வேலை அதுதான். உப்புநீர் குடித்து, விரல் நசுங்கி, வண்டியில் இருப்பவரின் வசவையும் கேட்க வேண்டும். ஹில்டாவின் வசவை ஆறு ஆண்டுகள் கேட்டார் வெள்ளத்துரை. ஒரு பருவத்தில் ஹில்டாவின் ஜீப் இரண்டு முறை பாதி இழுவையில் முன்சக்கரம் முறிந்து நின்றது. இரண்டாம் முறை கயிற்றில் இருந்த படகு அலையில் அடிபட்டு இரண்டானது. அடுத்த மாதமே வெள்ளத்துரை டிராக்டரோடு வந்தார். வேலை அவரிடம் போயிற்று.

முறிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஜீப்பில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே தொங்குபவை. பள்ளம் மேடு தெரியாமல் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான அமைப்பு அது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குட்டையான தண்டு, அதன் நுனியில் ரப்பர் உறை போட்ட மூட்டு. ஈர மணலில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது அந்த மூட்டுதான் முதலில் போகும். இரு சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழாயால் பிணைக்கும் முழு ஆக்சிலைப் பொருத்தினால் அந்தத் தொல்லை இல்லை. எனவே பழைய அமைப்பை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு முழு ஆக்சிலைத் தேடிக் கிடங்குக்கு வந்திருந்தார்.

காஜா மொய்தீன் மூன்று ஆக்சில்களைக் காட்டினார். வெள்ளைத் தொப்பியும் கிரீஸ் படிந்த கைலியுமாக, எதையும் அவசரமின்றிச் செய்யும் மனிதர். ஹில்டாவை அவருக்கும் பிடிக்காது. முன்னொரு காலத்தில் வெடிப்பு விட்ட இரும்பு உறை ஒன்றை அவர் பூசி மெழுகித் தன் தலையில் கட்டிவிட்டதாக ஹில்டா டோல்கேட் முழுவதும் சொல்லித் திரிந்திருந்தார்.

முதலாவது, ராணுவம் கழித்த லாரியின் முன் ஆக்சில். கிடங்கில் எல்லாம் கிலோ கணக்கில் வியாபாரம் ஆவதால், அங்கு வருபவர்கள் கனத்தையே தரம் என்று கொள்வார்கள்.

“இதாங்க்கா கெட்டி” என்றார் காஜா மொய்தீன். “யான மேல ஏறி குந்துனாலும் வளையாது.”

“யான ஏன் பாய் என் வண்டியில குந்தப்போவுது? இதோட வயித்தப் பாரு. ஏழு மாசம். மண்ணுல இது உழுதுகினு வரும், நான் பின்னாடி வெத தூவிகினு வரணும்.”

வயிறு என்று அவர் சொன்னது பல்சக்கரங்களை அடக்கிய இரும்பு உருண்டையை. முன் ஆக்சிலில் அந்த உருண்டை பெரும்பாலும் நடுவில் இராது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். வண்டியின் கியர்ப் பெட்டியிலிருந்து முன்னோக்கி வரும் தண்டு எந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பக்கத்தில் உருண்டை இருக்க வேண்டும். ஹில்டாவின் ஜீப்பில் அது வலப்புறம்.

இரண்டாவது, துறைமுக ஏலத்தில் வந்த ஒரு வெளிநாட்டு வண்டியுடையது. துருவே இல்லை. உருண்டை சிறியது, குழாய் தடித்தது. ஆனால் உருண்டை இடப்புறம் இருந்தது. மூன்றாவது, உள்ளூர்ப் பழைய ஜீப் ஒன்றின் ஆக்சில். வலப்புற உருண்டை. ஆனால் செம்மண்ணில் புதைத்து எடுத்ததுபோல் துரு. நீளமும் கொஞ்சம் குறைவு.

காஜா மொய்தீன் இரண்டாவதைக் காலால் தொட்டுக் காட்டினார். “இது உனக்கு ஒத்து வராதுக்கா. உருண்டை ராங் சைடு. தொரு புடிச்சது கீது பாரு, அத எடுத்துகினு போ. பாக்கத்தான் கலீஜா கீது. உள்ள சோக்கா கீது.”

இங்கே கிடங்கு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் வியாபாரி எந்தப் பொருளைக் குறை சொல்கிறாரோ, அதை வேறொரு நல்ல வாடிக்கையாளருக்காக ஒளித்து வைத்திருக்கிறார் என்று பொருள். எதைப் புகழ்கிறாரோ அது தள்ளிவிட வேண்டிய சரக்கு. வாங்குபவர் அனைவரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். பெரும்பாலும் அது தவறுவதும் இல்லை. வியாபாரிகளுக்கும் இது தெரியும். தெரிந்தே அதற்கேற்பப் பேசுவார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல நேர்ந்தால் அவர்களிடம் அதற்கு வேறு மொழி கிடையாது.

ஹில்டா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “யாருக்கு பாய் எடுத்து வெச்சிகீற? அந்தத் தொரைக்கா?”

“யாருக்கும் இல்லக்கா. சேராதுன்றேன்.”

“உன் வாயால சேராதுன்னியா, அப்ப சேரும். ஏத்து எடையில.”

“கேட்டத் தாண்டிச்சின்னா திரும்ப எடுக்க மாட்டேன். அப்பால இங்க வந்து கத்தக் கூடாது.”

“நீ காலுல வுழுந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஏத்து.”

காஜா மொய்தீன் பையன்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார். அந்த ஆக்சில் ஏன் சேராது என்பதை முழுவதும் விளக்கியிருக்கலாம். விளக்க அவருக்கு விருப்பம் இல்லை. ‘கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்’ என்று பின்னால் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தென்படவில்லை.

ஹில்டாவின் தம்பி ஃப்ரெடி பேசின் பிரிட்ஜ் அருகே ஒரு பட்டறையில் வெல்டர். உருண்டை இடப்புறம் இருந்தால் என்ன, ஆக்சிலைத் தலைகீழாகப் புரட்டினால் வலப்புறம் வந்துவிடாதா என்று யோசனை சொன்னது அவர்தான். புரட்டினார்கள். வந்தது. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இருக்கைகளை வெட்டி மறுபக்கம் ஒட்டினார். சக்கர முனைகளைக் கழற்றி இடம் மாற்றினார். ஒட்டு ஒவ்வொன்றும் மீன்செதிளைப் போல ஒழுங்காக இருந்தது. சங்கத்தின் சார்பில் நான் போய்ப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இருந்தன. அவ்வாறே கூட்டத்தில் சொன்னேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டியும் பார்த்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. தார்ச் சாலையில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். முன்சக்கரங்களை இணைக்கும் நெம்புகோலை அங்கே எவரும் தொடமாட்டார்கள். தொட்டால் பல்சக்கரங்கள் தேயும். ஆகவே அந்தச் சக்கரங்கள் எஞ்சின் சுழற்றும்போது எந்தத் திசையில் சுற்றும் என்பதை ஹில்டாவோ ஃப்ரெடியோ அதுவரை பார்த்ததில்லை.

செப்டம்பர்க் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்து ஆட்கள் கரைக்கு வந்த பிறகு, சங்கம் சோதனை வைத்தது. இரு வண்டிகளும் ஆளுக்கொரு படகை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றும் வண்டிக்கு ஓராண்டு வேலை. வெள்ளத்துரையின் டிராக்டர் இரண்டு முறை திணறி, மூன்றாம் முறை ஏற்றியது. அடுத்தது ஹில்டா. ஃப்ரெடி நீரில் இறங்கிக் கொக்கியை மாட்டினார். ஹில்டா நெம்புகோலைத் தள்ளிக் கிளட்சை விட்டார்.

பின்சக்கரங்கள் முன்னோக்கிச் சுற்றின. முன்சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின.

ஆக்சிலைத் தலைகீழாக்கினால் உருண்டை மட்டும் அல்ல, சுழற்சியும் மாறிவிடும். வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. நின்ற இடத்தில் நடுங்கியது. முன்சக்கரங்கள் மணலை முன்னால் வாரி இறைத்தன, பின்சக்கரங்கள் பின்னால் இறைத்தன. ஜீப் தனக்குத் தானே குழி தோண்டி அதில் இறங்கியது. என்ன நடக்கிறது என்று புரிய எல்லோருக்கும் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கரை முழுவதும் சிரித்தது. ஹில்டா விடவில்லை. இன்னும் அழுத்தினார். வண்டி வயிறு வரை புதைந்து அணைந்தது.

“அக்கா” என்று வெள்ளத்துரை கூப்பிட்டார். “ஒரு முடிவுக்கு வாக்கா. வர்றியா, போறியா?”

ஹில்டா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே, அவர் உள்ளே இருக்க, வெள்ளத்துரை தம் டிராக்டரைக் கட்டி ஜீப்பைக் குழியிலிருந்து இழுத்து வெளியே போட்டார். அதற்காக எவரும் அவரைக் கேட்கவில்லை. இழுத்து முடித்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்:

“எட்டு ஊருக்கு இழுவ வண்டி வெச்சிகினு கீறேன்னு பீத்திகினு திரிஞ்சியே. இதுக்கா ஆறு வருஷம் உன்னாண்ட உப்புத் தண்ணி குடிச்சேன்?”

“ஆறு வருஷமும் கொக்கிய கோணலாத்தான் மாட்டுன” என்றார் ஹில்டா.

அந்த ஒரு வாக்கியம் வெள்ளத்துரையைச் சுட்டது. குனிந்து இரு கையாலும் கடல்நீரை அள்ளினார். குப்பத்தில் நீரை ஏந்திச் சொன்ன சொல்லை மாற்றமாட்டார்கள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்தத் தகரம் இந்த மண்ணுல ஒரு படக மேல ஏத்திச்சின்னா, ஒரு நாள் முழுக்க நான் இதுக்குக் கயிறு கட்டுறேன். பழையபடி. அது எந்த நாள்னு இந்தம்மாவே சொல்லட்டும். கூப்ட்ட அன்னிக்கி வர்றேன். இன்னா திட்டினாலும் வாயத் தொறக்க மாட்டேன்.”

நீரைக் கீழே விட்டார். அந்த ஆண்டு வேலை அவருக்கே என்று சங்கம் முடிவு செய்தது.

இரண்டு நாள் கழித்து ஹில்டா டோல்கேட்டுக்குப் போனார். வண்டி தயாராகும் வரை அடுத்த ஆண்டுக்கான தம் கோரிக்கையை நிலுவையில் வைக்கும்படி சங்கத்திடம் கேட்டிருந்ததால் நானும் போக வேண்டியிருந்தது. துருப்பிடித்த மூன்றாவது ஆக்சில் அதே இடத்தில் கிடந்தது. காஜா மொய்தீன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கே சொன்னேன்” என்றார்.

“சொன்ன. நீ எப்பவாச்சும் நெஜம் பேசியிருந்தா, அன்னிக்கி பேசினதும் நெஜம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். உன் மேலதான் தப்பு.”

“கெளம்புக்கா. உனக்குச் சரக்கு இல்ல.”

“இதோ கீது.”

“அது உனக்கு இல்ல.”

ஹில்டா நகரவில்லை. கிடங்கில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். முடிவில் காஜா மொய்தீன் எழுந்து, ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயும் ஒரு பொட்டலம் சாக்குக்கட்டித் தூளும் கொண்டு வந்து ஹில்டாவின் முன்னால் வைத்தார்.

“வெடிச்ச மால தலையில கட்டிட்டேன்னு ஊர் பூரா சொன்னியே. இங்கயே, இவங்க முன்னாடி, நீயே பாரு. பார்த்துட்டு கெடைக்கிறத உன் வாயால சொல்லு. அப்பதான் வண்டியில ஏறும்.”

வெடிப்பைக் கண்டறிய அங்கே கையாளும் முறை அது. இரும்பைச் சுரண்டி மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, மேலே சாக்குக்கட்டித் தூளைத் தூவ வேண்டும். மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஹில்டா சேலையைச் செருகிக்கொண்டு தரையில் அமர்ந்தார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். பகல் தொழுகைக்குப் போய்விட்டு காஜா மொய்தீன் திரும்பி வந்தபோதும் தேய்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு ஒன்று கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அவ்வளவு கவனமாகத் தேடினார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குழாய், உருண்டை, முனைகள் எல்லாவற்றிலும் தூள் தூய வெள்ளையாகவே இருந்தது.

“சொல்லுக்கா.”

ஹில்டா கையை உதறினார். “கீறல் இல்ல.”

“அங்க கேக்கல.”

“கீறல் இல்லன்றேன். காது அவிஞ்சி போச்சா பாய்?”

“ஏத்துங்கடா” என்றார் காஜா மொய்தீன். கேட்டைத் தாண்டிய பொருளைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்றவர், இடப்பக்க ஆக்சிலை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டார். ஆனால் அதை எடை மேடையில் ஏற்றாமல், ஹில்டா போகும்வரை வாசலிலேயே போட்டு வைத்தார், வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று.

மூன்றாவது ஆக்சில் இருபுறமும் நான்கு விரற்கடை குட்டை. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களின் தடத்துக்கு உள்ளே ஓடின. பார்க்க வண்டி முன்னால் சிறுத்து, பால் மறந்த கன்றைப் போல் இருந்தது. இம்முறை ஃப்ரெடி வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரங்களும் ஒரே பக்கம் சுற்றுகின்றனவா என்று பார்த்த பிறகே கீழே இறக்கினார்.

டிசம்பரில் கடல் சீறியது. எச்சரிக்கை முதல் நாளே வந்துவிட்டது. வெள்ளத்துரை காலையில் வேறொரு குப்பத்தில் இழுத்துவிட்டு நண்பகலுக்குத்தான் எங்கள் கரைக்கு வந்தார். அதற்குள் மணல் கஞ்சியாகக் குழைந்திருந்தது. இரண்டு படகுகளை ஏற்றினார். மூன்றாவதற்கு நீர்விளிம்பில் டிராக்டரின் பெரிய பின்சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிட்டன. அலை எஞ்சின் வரை வந்தது. ஒரு படகு கண்ணெதிரே அலைத்தடுப்புக் கல்வரிசையில் மோதி உடைந்தது.

ஹில்டாவை எவர் கூப்பிட்டார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. எவரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஜீப் மேட்டிலிருந்து இறங்கி, டிராக்டரைச் சுற்றிக்கொண்டு நீரருகே வந்து நின்றது. ஃப்ரெடி கயிற்றோடு குதித்தார். ஹில்டா நெம்புகோலைத் தள்ளினார். எல்லோரும் முன்சக்கரங்களைத்தான் பார்த்தோம். அவை முன்னோக்கிச் சுற்றின. முன்னும் பின்னும் தனித்தனித் தடம் போட்டுக்கொண்டு, அவசரமின்றி, ஜீப் படகை மேட்டுக்குக் கொண்டுபோயிற்று. எவரும் கைதட்டவில்லை. அடுத்த படகின் சொந்தக்காரர் ஓடிவந்து தன்னுடையதைக் காட்டினார். “வரிசையில வா” என்று அவரைத் திட்டினார் ஹில்டா.

ஏழோ எட்டோ ஏற்றியபின், அலையில் கொக்கி சுண்டி ஃப்ரெடியின் உள்ளங்கை கிழிந்தது. அவரால் இனிக் கட்ட முடியாது. மீதமிருந்தவற்றில் முன்னால் நின்றது வெள்ளத்துரையின் தம்பியுடைய படகு. டிராக்டர் அருகே கையைப் பிசைந்துகொண்டு நின்ற வெள்ளத்துரை ஓடிவந்து மணலில் கிடந்த கயிற்றை எடுக்கக் குனிந்தார்.

“டேய் தொர. கயித்தத் தொடாத.”

“என் தம்பி படகுக்கா அது.”

“தெரியும். தொட்டீன்னா இப்பிடியே திருப்பிகினு வூட்டுக்குப் போயிருவேன்.”

“ஆள் இல்லியேக்கா. நான் கட்டாம வேற யார் கட்றது?”

“கூப்ட்ட அன்னிக்கி வர்றேன்ன. இன்னிக்கி நான் கூப்புடல. இன்னிக்கி கட்டிட்டு, கணக்குத் தீர்ந்துச்சின்னு சொல்லிக்கலாம்னு பாக்குறியா?”

நான் அருகில் இருந்தேன். இது நேரமில்லை என்றேன். “வாத்தியாரே, ஓரமா நில்லு” என்றார் ஹில்டா. கிழிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஃப்ரெடி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஹில்டா இறங்கினார். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அலைக்குள் நடந்தார். ஓர் அலை அவரைப் புரட்டிப் போட்டது. எழுந்து மீண்டும் நடந்தார். அவர் வயதில், அந்தக் கடலில், அது வீரம் என்று குப்பத்தில் சிலர் இப்போது சொல்கிறார்கள். பத்தடி தள்ளி ஒரு மனிதர், இடுப்பளவு நீரில், தொடக் கூடாத கயிற்றைப் பார்த்தபடி நின்றார். தம் தம்பியின் படகு உடைவதா ஏறுவதா என்பது ஒரு பெண்ணின் பகையில் இருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது கொடுமை என்றே அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

கொக்கி மாட்டியது. படகு ஏறியது. மீதி அனைத்தையும் ஹில்டாவே கட்டினார். எல்லாம் முடிந்தபின் ஜீப் டிராக்டரைக் கடந்து மேட்டுக்குப் போயிற்று. டிராக்டரை இழுக்கும்படி அவரை எவரும் கேட்கவில்லை. அவராகவும் இழுக்கவில்லை. அது இரண்டு நாள் உப்பில் ஊறியது.

ஜனவரியில் சங்கம் இழுவை வேலையை ஹில்டாவிடம் மாற்றிக் கொடுத்தது. உடன்படிக்கையை நான்தான் எழுதினேன். வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று குறை சொன்னார்.

அதன்பின் வெள்ளத்துரைக்கு நிம்மதி இல்லை. ஏலக்கூடத்தில், தேநீர்க் கடையில், குருசடிக் கோயில் திருவிழாவில் யாராவது ஒருவர் கேட்பார்கள்: “இன்னா தொர, கூப்ட்டாங்களா?” சொந்தக்காரர் திருமணத்துக்கு வெளியூர் போவதானாலும் அன்றைக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற எண்ணம். வாக்குத் தவறினான் என்ற பேச்சு வந்தால் கரையில் நடக்க முடியாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவராகவே வந்து ஜீப்பின் அருகில் நிற்பார்.

“எப்பக்கா?”

“கூப்புடறேன்.”

“இந்த வாரமா?”

“கூப்புடறேன்னு சொன்னேன்ல. போ.”

ஒரு முறை நான் ஹில்டாவிடம் பேசிப் பார்த்தேன். ஒரு நாள் கூப்பிட்டு முடித்துவிட்டால் இருவருக்கும் நல்லதுதானே என்றேன். “அவனுக்கு நல்லது” என்றார்.

சென்ற ஆண்டு ஹில்டாவின் இடது முழங்கால் கிளட்சை அழுத்த மறுத்துவிட்டது. காலடிப்பேட்டையில் மகள் ஜானட் வீட்டுக்குக் குடிபோனார். ஃப்ரெடிக்கு வண்டி வேண்டாம். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து ஜீப்பை வாங்கிப் போனார். அதற்கு முன் காஜா மொய்தீன் ஆள் அனுப்பி, முன் ஆக்சிலை மட்டும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாராம். நல்ல மால் என்று அவரே புகழ்ந்து சொன்னதால் கொடுக்கவில்லை என்றார் ஹில்டா.

உடன்படிக்கையை முடித்துக்கொள்ளக் கையெழுத்து வாங்க ஒரு ஞாயிறு காலை காலடிப்பேட்டைக்குப் போனேன். நான் போய் அமர்ந்த சிறிது நேரத்தில் வெள்ளத்துரை வந்தார். தோளில் ஒரு புதுக் கயிறு, சுருட்டியது. வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார். ஹில்டா உள்ளே வரச் சொல்லவில்லை.

“வண்டிய வித்துட்டியாமே.”

“ஆமா.”

“சொல்லாம வித்துட்ட.”

“உன்னாண்ட எதுக்குச் சொல்லணும்?”

“வண்டியே இல்லன்னா நான் எதுக்குக்கா கயிறு கட்டுவேன்?”

“அதத்தான் நானும் யோசிச்சேன்” என்றார் ஹில்டா.

வெள்ளத்துரை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “என் டிராக்டர் கீது. நீ மேல குந்து, போதும். ஓட்ட ஆள் போட்டுக்கறேன். நான் தண்ணியில எறங்குறேன். ஒரு நாள். காலையிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் திட்டு. பேரப்புள்ளைங்க கேக்குதுக்கா. தாத்தா, உன்ன எப்போ கூப்புடுவாங்கன்னு ஸ்கூலு போற புள்ள கேக்குது.”

ஹில்டா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கணம் சம்மதித்துவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது.

“உன் டிராக்டர் மண்ணுல ஓடாது” என்றார்.

வெள்ளத்துரை தோளிலிருந்த கயிற்றை எடுத்துக் கேட்டின் மேல் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“தொர. கயித்த எடுத்துகினு போ. இங்க வெச்சிட்டா கணக்குத் தீர்ந்த மாதிரி ஆயிடும்.”

அவர் நின்றார். திரும்பி வந்து கயிற்றை எடுத்தார். அவிழ்ந்த முனையைச் சுருட்டி, பழைய பழக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை ஹில்டா பார்த்திருந்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.